பாடசாலை முன்னால் 31 மைல்: பொலிஸ் கடிதத்தை எதிர்த்து வாதாடலாமா?

கேள்வி: ஞாயிறு மாலை, ஒரு ஆரம்பப் பாடசாலை முன்னால், 20 மைல் வீதியில் 31 மைல் வேகத்தில் போனதாகப் பொலிஸிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. பாடசாலை பூட்டியிருந்தது, வீதியில் ஒரு பிள்ளைகூட இல்லை. கடிதம் என் கைக்கு வந்தது 23ஆம் நாள். 14 நாளைக்குள் வராவிட்டால் செல்லாது என்கிறார்கள். கார் அண்ணாவின் கடைக் கொம்பனிப் பெயரில் இருக்கிறது, ஓடுவது நான். பல வருடமாக லைசன்ஸில் ஒரு தண்டனைப் பொயின்ற்கூட இல்லை. 300 பவுண் கொடுத்தால் வேறொருவரின் பெயரைப் போட்டு முடித்துத் தருவதாகத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். எதிர்த்து வாதாடலாமா?
– வாசகர், ஈஸ்ட்ஹாம், லண்டன்

பதில்: வாதாடலாம். ஆனால் வெல்வதற்கு உங்களிடம் இருக்கும் இடம் சின்னது, தோற்றால் கட்டவேண்டியது பெரிது. அதற்கு முன் அவசரமான வேலை ஒன்று இருக்கிறது.

உங்கள் கையில் இருக்கும் கடிதத்தில் இரண்டு விடயங்கள் சேர்ந்து கிடக்கின்றன. வேகக் குற்றத்துக்கு வழக்குத் தொடர யோசிக்கிறோம் என்ற அறிவித்தல் ஒன்று. அந்த நேரம் காரை ஓட்டியவர் யார் என்று கேட்கும் படிவம் மற்றது. அதில் ‘செக்‌ஷன் 172’ என்று இருக்கும். வேகக் குற்றத்தை நீங்கள் மறுக்கலாம். படிவத்தை மறுக்க முடியாது. நிரப்பி, கையெழுத்து வைத்து, 28 நாளைக்குள் அனுப்பியே ஆகவேண்டும். ‘நான்தான் குற்றத்தை ஏற்கவில்லையே, பிறகு எதற்குப் படிவம்’ என்று அதை மேசையில் போட்டு வைப்பவர்கள்தான் இந்த நாட்டில் கூடுதலாக அடிபடுகிறார்கள். சாதாரண வேகக் குற்றத்துக்கு 3 பொயின்ற், 100 பவுண் தண்டம். படிவம் அனுப்பாததற்கு 6 பொயின்ற், 1,000 பவுண் வரை தண்டம். படிவம் அனுப்பாததைக் குறிக்கும் எம்.எஸ்.90 என்ற குறியீடு லைசன்ஸில் ஏறிவிட்டால் காப்புறுதிக் கொம்பனிகள் அதை வேகக் குற்றத்தைவிட மோசமாகவே பார்க்கும்.

‘ஓட்டியது நான்’ என்று எழுதினால் ஓட்டியதை ஒப்புக்கொண்டதாகும், வேகமாக ஓட்டியதை அல்ல. ஓரத்தில் காரணங்கள் எழுத வேண்டாம், அதை ஒருவரும் வாசித்து மனம் இரங்கப்போவதில்லை. கையெழுத்து இல்லாத படிவம் அனுப்பாத படிவத்துக்குச் சமம். அனுப்புமுன் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். தபால் கந்தோரில் அனுப்பியதற்கான அத்தாட்சித் துண்டு காசில்லாமல் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். தாங்களாக நீட்டமாட்டார்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக் கதை. சிவப்பு வட்டத்துக்குள் 20 என்று நிரந்தரப் பலகை இருக்கும் வீதியில், கீழே நேரம் எதுவும் குறிப்பிடப்படாவிட்டால், அந்த எல்லை வாரம் ஏழு நாளும் 24 மணி நேரமும்தான். பாடசாலை விடுமுறை, நத்தார், நள்ளிரவு எல்லாம் ஒன்றுதான். பிள்ளைகள் இல்லாதது குற்றத்தை அழிக்காது. பாடசாலைக்குக் கிட்ட நடந்த குற்றத்தைக் கூடுதல் பாரதூரமாக எடுக்கச் சொல்லும் தண்டனை வழிகாட்டலுக்கு எதிராக, தண்டனையைத் தீர்மானிக்கும் நேரத்தில் மட்டும் அதைச் சொல்லலாம்.

14 நாள் விதிதான் எல்லாருடைய வாயிலும் இருக்கிறது. அதை முழுதாகத் தெரிந்தவர் குறைவு. ஆறுதலாக வாசியுங்கள். அறிவித்தல் 14 நாளைக்குள் போய்ச் சேரவேண்டியது காரின் பதிவு உரிமையாளருக்கு. ஓட்டுநருக்கு அல்ல. வாகனங்களைப் பதிவுசெய்யும் அரச அலுவலகமான டிவிஎல்ஏயிடம் யாருடைய பெயரும் விலாசமும் இருக்கின்றனவோ அவரே பதிவு உரிமையாளர். உங்கள் விடயத்தில் அது அண்ணாவின் கொம்பனி. பொலிஸ் முதலில் கொம்பனிக்கு எழுதும். கொம்பனி ‘ஓட்டியது இன்னார்’ என்று உங்கள் பெயரைக் கொடுக்கும். அதன்பிறகு உங்களுக்கு வருவது இரண்டாவது கடிதம். அந்தக் கடிதத்துக்கு 14 நாள் கணக்கே கிடையாது. 23ஆம் நாள் வந்தாலும் சரி, 60ஆம் நாள் வந்தாலும் சரி. வேகக் குற்றத்துக்கு வழக்கு 6 மாதத்துக்குள் தொடங்கினால் போதும். வாடகைக் கார், லீஸ் கார், வேலையிடத்து வான், நண்பரிடம் இரவல் வாங்கிய கார் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஆகவே அண்ணாவிடம் கேளுங்கள்: கொம்பனிக்கு வந்த முதல் கடிதத்தில் என்ன திகதி இருக்கிறது? சம்பவம் நடந்த நாளை விட்டுவிட்டு அடுத்த நாளிலிருந்து எண்ணுங்கள். 3ஆம் திகதி நடந்தது என்றால் 17ஆம் திகதிக்குள் கடிதம் சேர்ந்திருக்க வேண்டும். 17ஆம் திகதி தபாலில் போட்டால் போதாது. முதல் வகுப்புத் தபால் இரண்டு வேலை நாளில் சேரும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். சனி, ஞாயிறு கணக்கில் இல்லை. சேரவில்லை, பிந்தித்தான் சேர்ந்தது என்றால் அதை நிரூபிப்பது உங்கள் பக்கத்து வேலை, உறையைக்கூட எறியக்கூடாது. கொம்பனி கடையை மாற்றி, காரின் பதிவுப் பத்திரமான லொக்புக்கில் பழைய விலாசம் கிடந்ததால் கடிதம் சுற்றி வந்தது என்றால் அது உங்கள் பக்கத்துப் பிழைதான். முதல் கடிதமே உண்மையில் பிந்தியிருந்தால் வழக்கு விழக்கூடும். அப்போதுகூட ‘ஓட்டியது யார்’ படிவத்தை அனுப்பியே ஆகவேண்டும். பிந்திய விடயத்தை வேறொரு கடிதத்தில் எழுதுங்கள். வெல்ல வேண்டிய வழக்கைப் படிவம் அனுப்பாமல் தோற்பதை என்னவென்று சொல்வது!

அந்த 300 பவுண் ஆள் விற்பது உதவி அல்ல, சிறைத் தண்டனை. கோயில், கடை, டாக்சி நிற்கும் இடம் எங்கும் இப்படிப்பட்ட ஆட்கள் உண்டு. ஊரிலிருந்து விசிற்றுக்கு வந்து திரும்பிப் போன மாமாவின் பெயரைப் போடலாம், லைசன்ஸ் இருந்தும் கார் ஓடாத அக்காவின் பெயரைப் போடலாம் என்பார்கள். பொலிஸ் கேட்கும் கேள்விகள் எளிமையானவை: அவர் அந்தத் திகதியில் இந்த நாட்டில் இருந்தாரா, எந்தக் காப்புறுதியில் ஓட்டினார், எந்த விலாசத்தில் தங்கினார்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் பிசகினாலும், 100 பவுண் விடயம் நீதியின் போக்கைத் திரிக்கும் குற்றமாக மாறும். அதற்குச் சிறைதான் வழமை. பெயர் கொடுத்தவர், பெயரை ஏற்றவர், இடையில் காசு வாங்கியவர் எல்லாரும் மாட்டுவார்கள். பிரித்தானிய அமைச்சராக இருந்த கிறிஸ் ஹூன், 2003இல் கமராவில் பிடிபட்ட வேகத்தை மனைவியின் பெயரில் போட்டார். பத்து வருடம் கழித்து, 2013இல், இருவருக்கும் எட்டு மாதச் சிறை. கணவனின் பொயின்ற்றை மனைவி வாங்கினால் குடும்பத்துக்குள் முடிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள். அடுத்த வருடம் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர் என்றால் மூன்று தரம்.

‘சட்ட ஓட்டை கண்டுபிடிப்போம்’ என்று விளம்பரம் செய்து, கடிதத்தைப் பார்க்காமலே முற்பணம் கேட்கும் ஆட்களிடமும் கவனம். கமராவின் அளவுத்திருத்தச் சான்றிதழ் கேட்டால் வழக்கு விழுந்துவிடும் என்பது அவர்களின் பழைய பாட்டு. கேட்டால் பெரும்பாலும் ஒழுங்கான சான்றிதழ்தான் வரும். ‘உங்கள் வேகத் தண்டத்தைக் கட்டுங்கள்’ என்று போனுக்கு வரும் குறுஞ்செய்தி லிங்க்கைத் தொடவே வேண்டாம்.

இப்போது கணக்கு. 20 மைல் வீதியில் 24 முதல் 31 வரைக்கும் பொதுவாக வேக விழிப்புணர்வு வகுப்புக்கு அழைப்பு வரலாம். கடந்த மூன்று வருடத்தில் நீங்கள் அந்த வகுப்புக்குப் போயிருக்கக் கூடாது. 31 அதன் கடைசிப் படி. இன்னும் ஒரு மைல் கூடியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. வகுப்புக்குக் கிட்டத்தட்ட 100 பவுண் போகும், பொயின்ற் இல்லை, குற்றத்தீர்ப்பும் இல்லை. ஆனால் அழைப்பு படிவத்துக்குப் பின்தான் வரும். அதை முதல் கடிதத்திலேயே தெளிவாகச் சொன்னால் பாதிப் பேருடைய பயம் போய்விடும். ஏன் சொல்வதில்லை என்பதை அந்தக் கடிதத்தை எழுதிய ஆட்களிடம்தான் கேட்கவேண்டும்.

நீதிமன்றம் போய்த் தோற்றால் அதே 31 வேறு தட்டில் விழும். 20 மைல் எல்லையில் 21 முதல் 30 வரை ஒரு தட்டு, 31 முதல் 40 வரை அடுத்த தட்டு. இரண்டாம் தட்டில் தண்டம் ஏறக்குறைய ஒரு கிழமை வருமானம், 4 முதல் 6 பொயின்ற் அல்லது 7 முதல் 28 நாள் ஓட்டத் தடை. அதற்கு மேல் தண்டத்தின் 40 வீதம் மேலதிகக் கட்டணம், வழக்குச் செலவு சில நூறு பவுண். முதல் முழு லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு 6 பொயின்ற் விழுந்தால் லைசன்ஸே ரத்து.

இவ்வளவுக்குப் பிறகும் எதிர்க்கத் தகுந்த காரணம் ஒன்று இருக்கிறது: பலகை. பொலிஸின் இணையப் பக்கத்தில் படங்களைக் கேட்டுப் பாருங்கள். படம் கேட்டது 28 நாளை நிறுத்தாது. காட்ஸோ வகைக் கமரா என்றால் பின்பக்கமிருந்து அரை வினாடி இடைவெளியில் இரண்டு படம் இருக்கும், வீதியில் வெள்ளைக் கோடுகள் தெரியும். 31 மைல் வேகத்தில் கார் அரை வினாடியில் ஏறத்தாழ 7 மீற்றர் நகரும், 20 மைல் என்றால் நாலரை மீற்றர். பின் சில்லு எத்தனை கோடு தாண்டியது என்று பார்த்தால், கோடுகளின் இடைவெளி தெரிந்தால், நீங்களே ஒப்பிடலாம். பிறகு, நீங்கள் அன்று வந்த வழியாகவே, அதே பக்கத்து வீதியால் திரும்பி உள்ளே நுழைந்து, பகலில் ஒவ்வொரு பலகையையும் திகதியோடு படம் எடுங்கள். ஒரு பலகையை மரக்கிளை மறைத்தது என்பது போதாது. அந்த வழியால் வந்தவருக்கு எல்லை 20 என்று தெரிய நியாயமான வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்டவேண்டும். கிளையைக் கவுன்சில் வெட்டுவதற்கு முன் போய்விடுங்கள்.

அப்படி ஒன்று கிடைத்தால் வகுப்பையும் 100 பவுண் தண்டத்தையும் மறுத்துவிட்டு இருங்கள். நீதிமன்ற அறிவித்தல் வீட்டுக்கு வரும், 21 நாளைக்குள் ‘குற்றவாளி அல்ல’ என்று பதில் போடவேண்டும். வருமானப் படிவத்தையும் நிரப்புங்கள். விட்டால் நீதிமன்றம் தானே ஒரு வருமானத்தைப் போட்டுக்கொள்ளும், அது பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும். ஆங்கிலம் தடுமாறுமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அந்தப் பதிலிலேயே எழுதுங்கள். அதற்குக் காசில்லை.