குதிகால் கறுப்புக்கு லேசர் வைக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. செருப்பில்லாமல் வயல் வேலை செய்து பழகியவர். வலது குதிகாலில் ஒரு வருடமாகக் கறுப்பாக ஒரு திட்டு. கால் ஆணி என்று நினைத்துப் பிளாஸ்திரி ஒட்டினோம். இப்போது பரவுகிறது. அழகுக் கிளினிக் ஒன்றில், 'நிறமி என்சைம் கூடிவிட்டது, கிரீம் பூசி அடக்கிவிட்டு லேசரில் எடுத்துவிடலாம், புற்றுநோயும் வராது' என்கிறார்கள். ரத்தத்தில் மரபணுச் சோதனைக்கும் பணம் கட்டச் சொல்கிறார்கள். கை நகங்களிலும் கறுப்புக் கோடுகள் உள்ளன. பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, தஞ்சை மாவட்டம்

பதில்: முதலில் அந்த லேசரை நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

என்சைம் என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் இரண்டு வேறு என்சைம்களை ஒன்றாகக் குழப்பிவிட்டார்கள். நிறமி தயாரிக்கும் செல்லைச் சாயப்பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சாயம் காய்ச்சுவது டைரோசினேஸ் என்ற என்சைம். கைனேஸ் என்பது வேறு வகை; இவை சேதி கடத்துபவை. ஒன்று அடுத்ததைத் தட்டி எழுப்பும், அது அதற்கடுத்ததை. 'வெயில் வந்துவிட்டது, சாயம் போடு' என்று ஒரு வரிசை சொல்லும். 'செல்லே, பெருகு' என்று இன்னொரு வரிசை சொல்லும். இந்த இரண்டாவது வரிசையில் பிராஃப் என்றொரு கைனேஸ் இருக்கிறது. அது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அதன் 600ஆவது இடத்தில் ஒன்று மாறிப்போனால், அழுத்திய அழைப்பு மணி உள்ளேயே சிக்கிக்கொண்டதுபோல 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் அடிக்கும். நிறமிச் செல்லில் வரும் புற்றுநோயான மெலனோமா பலவற்றில் இப்படி நடப்பது 2002இல்தான் தெரியவந்தது.

நிறம் மங்கவைக்கும் கிரீம்களில் உள்ள கோஜிக் அமிலம், ஹைட்ரோகுவினோன் போன்றவை தடுப்பது சாயம் காய்ச்சுபவரை மட்டுமே. மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும். கறுப்பு மங்கும், நோய் மங்காது. நான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய அடையாளத்தை அழித்துக்கொண்டு வந்து நிற்பீர்கள். அந்தக் கிரீமில் பெரும்பாலும் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கிரீம் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் ஆணை போட்டது. எந்த மருந்துக்கடையில் சீட்டு கேட்கிறார்கள், சொல்லுங்கள்?

லேசர் அதைவிட மோசம். சுட்டுவிட்டால் ஆய்வகத்துக்கு அனுப்பத் திசு மிஞ்சாது. மெலனோமாவில் அது எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. 1 மில்லிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் அறுவையோடு முடிந்துவிடும். என்னிடம் ஒருவர் இரண்டு முறை லேசர் வைத்துக்கொண்டு, மேல்தோல் அழகாக மூடிய பிறகு, தொடை இடுக்கில் நெறி கட்டிக்கொண்டு வந்தார். எரித்தவர்களிடம் ஒரு துண்டுச் சதைகூட இல்லை. எரித்ததற்கு ரசீது மட்டும் இருந்தது.

நம் நிறத்தவர்களுக்கு மெலனோமா அரிது. வந்தால் வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வரும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் வந்தது; 1981இல், 36 வயதில் இறந்தார். நம் மருத்துவ மாணவர்களோ இன்றும் வெள்ளைக்காரர் முதுகின் படத்தைப் பார்த்துத்தான் இந்த நோயைப் படிக்கிறார்கள். பிறகு குதிகாலைக் கண்டால் கால் ஆணி என்றுதான் எழுதுவார்கள்.

நகக் கோடுகளுக்கு வருகிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் பலரைப் பயமுறுத்திப் பணம் பறிக்கிறார்கள். கறுத்த தோலுள்ளவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்பது இயல்பு. வயது ஏற ஏறக் கூடும். அம்மாவுக்கு நான்கைந்து விரல்களில், வருடக்கணக்காக, ஒரே அகலத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்தது, அகலமாகிக்கொண்டே போவது, நகத்தைத் தாண்டி அடித்தோலிலும் கறுப்பு இறங்குவது, நகம் பிளப்பது: இவை வேறு. அடிபட்டு ரத்தம் கட்டினாலும் கறுக்கும், ஆனால் அது நகம் வளர வளர முன்னால் நகர்ந்துபோகும். கோடு அப்படி நகராது.

மரபணுச் சோதனைக்கு இப்போது ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். மெலனோமா உறுதியாகி, மருந்து தேவைப்படும் கட்டத்தில்தான் அந்தச் சோதனை. அதுவும் கட்டியின் திசுவில், பிராஃப் போன்ற மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க. சாதாரண மச்சங்களிலேயே பிராஃப் மாற்றம் ஏராளமாக உண்டு; அவை கொஞ்சம் வளர்ந்து நின்றுவிடும். உள்ளங்கால் மெலனோமாவில் பிராஃபுக்குப் பதிலாகக் 'கிட்' என்ற வேறொரு கைனேஸ் கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு. ரத்தம் எடுக்க வீட்டுக்கே வரும் ஏஜென்ட் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: கறுப்பு, பாத ரேகையின் பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் மச்சம், மேட்டில் ஓடினால் சந்தேகம். பயாப்ஸி, அதாவது திசுவை வெட்டியெடுத்து ஆய்வகத்தில் பார்க்கும் சோதனை, செய்யச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். கத்தி பட்டால் பரவும் என்று சொல்லும் உறவினர்களை அன்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பயாப்ஸியால் மெலனோமா பரவுவதில்லை. அறிக்கைக்கு வாரக்கணக்கில் அலைய வைப்பார்கள், அலையுங்கள். அறிக்கையோடு, மெழுகில் பதித்த திசுக்கட்டியையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிறகு மரபணுச் சோதனை தேவைப்பட்டால் அதிலேயே செய்துகொள்ளலாம்.