பிரஸ் ரிலீஸ் அனுப்பியும் ஒரு பேப்பரிலும் வரவில்லையா?

முதல் பத்தியை மாற்றுங்கள். "மல்லிகைத் தைலம் தயாரிப்பில் முன்னணி நிறுவனம்" என்று தொடங்கியிருக்கிறீர்கள். மதுரை நிருபர் யாரும் அதற்கு மேல் படிக்க மாட்டார், விளம்பரப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார். எல்லா நாளிதழுக்கும் அனுப்பியும் ஒன்றிலும் வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மார்கழிப் பனியில் வரத்து குறைந்து, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி விலை எகிறுவது வருடா வருடம் செய்தி. அந்த நேரத்தில் உங்கள் கிளையண்ட் பூவை எந்த ஊர் விவசாயியிடம் வாங்குகிறார், எத்தனை கிலோ பூவுக்கு எவ்வளவு தைலம் கிடைக்கிறது என்று சொல்லுங்கள். நிருபரே போன் செய்வார். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013இலேயே கிடைத்துவிட்டது, தலைப்பில் அது வேண்டாம்.

அப்புறம் ஒரு சோதனை. நீங்கள் அனுப்பிய பிடிஎஃப்பில் இரண்டு வரியை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி வந்தால், டெஸ்கில் உட்கார்ந்து யார் மறுபடி டைப் செய்வார்கள்? யூனிகோடில், மெயிலுக்குள்ளேயே ஒட்டி, மதியத்துக்குள் அனுப்புங்கள். படம் தனி ஃபைலாக. (ரிப்பன் வெட்டும் படம் வேண்டவே வேண்டாம்.)

இவ்வளவு செய்தாலும், இந்தத் தேதியில் வரும் என்று கிளையண்டிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அன்றைக்கு வைகையில் வெள்ளம் வந்தால் மாவட்டப் பக்கம் முழுக்க அதுதான் இருக்கும்.