பழைய கார், சொந்தக் கை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பா ஓட்டிய பழைய கார் பல வருடங்களாக ஷெட்டில் அப்படியே நிற்கிறது. புது பேட்டரி போட்டு, பெட்ரோல் ஊற்றி ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? ஓடினால் மற்ற வேலைகளை அப்புறம் யோசிக்கலாம் என்று இருக்கிறேன்.

பதில்: தயவுசெய்து செல்ஃப் அடித்துப் பார்க்காதீர்கள். அந்தச் சத்தத்தை மறுபடி கேட்க வேண்டும் என்ற ஆசை புரிகிறது, ஆனால் நின்று கிடந்த ஒரு நல்ல எஞ்சின் கெட்டுப்போக இந்த ஒரு முயற்சியே போதும். உள்ளே பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம், வால்வு இறுகியிருக்கலாம், எண்ணெய் எல்லாம் கீழே வடிந்து பேரிங்குகள் காய்ந்து கிடக்கும். இந்த நிலையில் ஸ்டார்டர் மோட்டார் தன் முழு பலத்தில் சுற்றினால் ரிங் உடையும், வால்வைத் திறக்க உந்தும் புஷ்ராடு என்ற தண்டு வளையும்.

முதலில் எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் துரு இளக்கும் எண்ணெய் கொஞ்சம் விடுங்கள். நாட்கணக்கில் ஊறட்டும், அவசரம் வேண்டாம். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி (எஞ்சினின் பிரதான தண்டோடு சுற்றும் சக்கரம்) போல்ட்டில் சாக்கெட் மாட்டி, கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். இம்மியளவு அசைந்தால்கூட நல்ல செய்திதான். அசையாவிட்டால் நீளமான பைப்பைச் செருகி பலத்தைக் கூட்டாமல் மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். சுற்ற ஆரம்பித்த பிறகு வால்வுகளுக்கு மேலே உள்ள மூடியான ராக்கர் கவரைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லா வால்வும் ஏறி இறங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று மேலே வராமல் நின்றுவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

அதன் பிறகு எஞ்சினுக்குக் கீழே ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றி அடியில் படிந்த கசடை வழித்தெடுத்து, புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் முள் ஏறுகிறதா என்று பாருங்கள். முள் ஏறிய பிறகுதான் பிளக்கும் பெட்ரோலும். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும், அதை நம்பாதீர்கள். இன்னொன்று, எஞ்சின் ஓடுவதற்கு முன்பே பிரேக் வேலையை முடித்துவிடுங்கள். ஓடிவிட்டால் தெருமுனை வரையாவது போய்ப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது. பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

கேள்வி: என் கார் ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்ததில் ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டுகிறது. எஞ்சினை முழுதாகப் பிரித்து ரீபோர் செய்துவிடலாம் என்கிறார்கள்.

பதில்: பிரிப்பதற்கு முன் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் செலவழித்துப் பாருங்கள். குறைந்த சிலிண்டருக்குள் பிளக் துவாரம் வழியாக அதை விட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி மறுபடி அளவெடுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது, ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் கசிவு பெரும்பாலும் வால்வில், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி வால்வு கிரைண்ட் (வால்வு சரியாக உட்காரும்படி தேய்ப்பது) செய்தாலே சரியாகக்கூடும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். இதைப் பார்க்காமல் எஞ்சினைப் பிரிப்பது எனக்குச் சம்மதமே இல்லை. ரீபோர் என்றால் சிலிண்டரிலிருந்து உலோகத்தை வெட்டி எடுப்பது, எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

உண்மையிலேயே பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு விஷயங்கள். சிலிண்டரின் மேல் பக்கம், மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம், ஏனென்றால் சூடும் அழுத்தமும் அங்கேதான் உச்சம், எண்ணெயோ அங்கே மிகக் குறைவு. அதற்கு மேலே தேயாத உலோகம் ஒரு விளிம்பாக நிற்கும், விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும். அந்த விளிம்பை எடுக்காமல் பிஸ்டனை மேலே தள்ளினால் ரிங்கும் ரிங் உட்காரும் பள்ளமும் உடையும். இரண்டாவது, பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் அதன் அடிமூடியான கேப்பும் தொழிற்சாலையில் ஒன்றாகச் சேர்த்துத் துளையிடப்பட்ட ஜோடி. ஒன்றின் கேப்பை இன்னொன்றுக்கு மாட்டினாலோ, திருப்பி மாட்டினாலோ துளை வட்டமாக இருக்காது, பேரிங் போய்விடும். கழற்றும்போதே எண் குறியுங்கள், போட்டோவும் எடுங்கள். அளவெடுப்பதும் துளையிடுவதும் லேத் பட்டறை வேலை, அதை மட்டும் வெளியே கொடுங்கள்.

கேள்வி: ஈயம் கலக்காத இன்றைய பெட்ரோல் பழைய எஞ்சினுக்கு ஒத்துக்கொள்ளுமா?

பதில்: 1923 முதல் பெட்ரோலில் ஈயம் கலந்து விற்றார்கள், கடைசி நாடாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. ஈயம் படிந்து எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடமான சீட்டைக் காத்தது உண்மை. ஆனால் மிதமாக ஓட்டுகிறவர் இதற்காகவே ஹெட்டைக் கழற்ற வேண்டாம். டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) அவ்வப்போது அளந்து எழுதி வையுங்கள். அது குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது என்று அர்த்தம், அப்போது கடினமான சீட் போட்டுக்கொள்ளலாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால். பழைய ரப்பர் குழாய்களை அது உப்பவைத்து விரிசல் விடவைக்கும், பெட்ரோல் எக்ஸாஸ்ட் மேல் சொட்டும். குழாய்கள் அத்தனையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கதவுக்குக் கீழே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. சுரண்டி, பட்டி வைத்து, தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் போதுமா?

பதில்: ஆறு மாதத்துக்குப் போதும், அப்புறம் இன்னும் பெரிதாக வரும். கொப்புளம் வெளியே தெரிகிறது என்றால் துரு உள்ளேயிருந்து தகட்டைத் தின்றுவிட்டு வந்திருக்கிறது. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி கீழ்ப்பகுதி முழுக்க நகர்த்திப் பாருங்கள், ஒட்டாத இடமெல்லாம் யாரோ முன்பு வைத்த பட்டி. ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போனால் அங்கே தகடே இல்லை. கதவின் அடியிலும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதியிலும் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். அவை அடைத்திருந்தால் நோயின் மூலம் அதுதான்.

அந்தப் பெட்டிப் பகுதியை வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளிகளை மேலே, நடுவே, கீழே அளந்து எழுதுங்கள். கதவு வாசலுக்குள் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து தற்காலிகமாக வெல்டு செய்யுங்கள், மேற்கூரை இல்லாத காராக இருந்தால் இது கட்டாயம், இல்லையென்றால் வெட்டியதும் பாடி நடுவில் தொய்ந்து கதவு மூடாது. ஒரே நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். மெல்லிய தகட்டில் வெல்டிங்கை நீளமாக இழுக்காமல், இங்கே ஒரு புள்ளி அங்கே ஒரு புள்ளி என்று தள்ளித் தள்ளி வையுங்கள், ஆறவிடுங்கள், சூடு சேர்ந்தால் தகடு அலைபோல நெளியும். வெல்டிங் இடத்தை குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைக்கவே கூடாது, அந்த ஈரம் வெல்டிங் ஒளியில் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். பெட்ரோல் டேங்க் காலியாகத் தெரிந்தாலும் அதைக் கழற்றி வெளியே வைத்த பிறகே தீப்பொறி. முடிந்ததும் உள்பக்கத்துக்கு மெழுகு ஸ்ப்ரே அடியுங்கள்.

கேள்வி: பெயிண்டையும் வீட்டிலேயே அடிக்கலாமா?

பதில்: டூ-பேக் பெயிண்ட் (ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிப்பது) வேண்டாம். அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண மாஸ்க் அதற்குப் போதாது, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். பெயிண்ட் அடிப்பதைத் தொழில்முறை பெயிண்ட் பூத்துக்குக் கொடுத்துவிட்டு, மேல்பரப்பைத் தயார் செய்வதை நீங்கள் செய்யுங்கள், தரம் அங்கேதான் தீர்மானமாகிறது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்பதால் தண்ணீர் விட்டே தேயுங்கள். துரு நீக்கிய தகட்டை உடனே எபாக்ஸி பிரைமரால் மூடுங்கள். சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். பட்டி அதற்கு மேல், மெல்லியதாக. அப்புறம் கறுப்புப் பெயிண்டைப் பனிபோல லேசாகத் தூவி, தட்டையான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்துப் பாருங்கள்: கறுப்பு மறையாமல் நிற்கும் இடம் பள்ளம், சட்டென்று பிரைமர் வெளிவரும் இடம் மேடு. கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் போகும் வரை மறுபடி தூவி மறுபடி தேயுங்கள், வெறும் கையால் மட்டும் தேய்க்காதீர்கள்.