மூன்றாமிடத்துக்குப் பல இடங்களில் டெலிகேட் கிடையாது: அமெரிக்கக் குடியரசுக் கட்சி பிரைமரி, கேள்வி-பதில்

(பிரைமரி: கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடக்கும் உட்கட்சித் தேர்தல். டெலிகேட்: அதன்படி கட்சி மாநாட்டில் வேட்பாளருக்கு ஓட்டுப் போடும் பிரதிநிதி.)

கே: அயோவாவில் ஜெயிப்பவர்தானே கடைசியில் வேட்பாளர்? (எடிசன், நியூஜெர்சி)

அயோவா முதலில் ஓட்டுப் போடும் மாநிலம்தான்; ஆனால் நெரிசலான பந்தயத்தில் அப்படி எண்ணிவிடாதீர்கள். 2008-ல் ஹக்கபி, 2012-ல் சாண்டோரம், 2016-ல் க்ரூஸ் மூவரும் அயோவாவில் ஜெயித்தவர்கள்; ஒருவரும் வேட்பாளர் ஆகவில்லை. அங்கே காக்கஸுக்கு (கட்சிக்காரர்கள் கூடி ஓட்டுப் போடும் கூட்டத்துக்கு) வருவோரில் பாதிக்கு மேல் இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள். அந்த ஓட்டையே நம்பி இறங்கியவர் அங்கே சறுக்கினால் கதை முடிந்தது. 2016-ல் மறுபடி வந்த ஹக்கபியும் சாண்டோரமும் ஆளுக்கு 2 சதவீதம்கூடத் தொடவில்லை. அந்த வாரத்திலேயே இருவரும் மூட்டை கட்டினார்கள்.

கே: காக்கஸில் ஆளுக்கொரு மூலையில் நின்று, ஆதரவு போதாதவர்கள் இடம் மாறுவார்களே, அதை எப்படிக் கணிப்பது? (சான் ஹோசே)

அது 2020 வரை டெமாக்ரட்டுகளின் வழக்கம். நம் கட்சியில் சீட்டில் பெயர் எழுதிக் கொடுப்பார்கள், எண்ணுவார்கள், வீட்டுக்குப் போவார்கள். எந்தக் கட்சி என்று பார்த்துவிட்டு எழுதக்கூடாதா?

கே: தேசியக் கருத்துக்கணிப்பில் முன்னால் இருப்பவர்மேல் நம்பிக்கை வைக்கலாமா? (அட்லாண்டா)

ஜூலியானி 2007-ல் பெரும்பாலான மாதங்கள் முன்னால் இருந்தார். முதல் மாநிலங்களை விட்டுவிட்டு ஃப்ளோரிடாவுக்குக் காத்திருந்தார், அங்கே மூன்றாமிடம். கைக்கு வந்த டெலிகேட் பூஜ்யம். பிரைமரிக்கு முந்தைய கோடைக் கணிப்பு, பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதைத்தான் அளக்கிறது. அதன் ஒரே நிஜப் பயன் விவாத மேடையில் இடம். 2015 ஆகஸ்ட் முதல் விவாதத்தில் தேசியக் கணிப்பை வைத்துத்தான் பத்துப் பேருக்குப் பெரிய மேடை கொடுத்தார்கள். மீதி ஏழு பேர் மாலையிலேயே, ஏறக்குறைய காலி அரங்கில் பேசினார்கள்.

கே: 2016-ல் க்ரூஸ், ரூபியோ, கேசிக் மூவரின் ஓட்டையும் கூட்டினால் பல இடங்களில் ட்ரம்பைவிட அதிகம். அப்படியானால் அவர் ஜெயித்தது வெறும் அதிர்ஷ்டமா? (ஹூஸ்டன்)

இந்தக் கூட்டல் கணக்கை விடவே மாட்டீர்களா? சதவீதத்தைக் கூட்டாதீர்கள், டெலிகேட்டை எண்ணுங்கள் என்று எத்தனை முறை சொல்வது!

சவுத் கரோலினாவை எடுத்துக்கொள்ளுங்கள். 50 டெலிகேட். அதில் 29 மாநிலம் முழுவதிலும் முதலிடம் பெறுபவருக்கு. ஏழு காங்கிரஸ் தொகுதிகளில் தொகுதிக்கு 3 வீதம், அங்கங்கே முதலிடம் பெறுபவருக்கு. ட்ரம்ப் வாங்கியது மூன்றில் ஒரு பங்கு ஓட்டுதான். கிடைத்தது ஐம்பதுக்கு ஐம்பது. ரூபியோவும் க்ரூஸும் ஆளுக்கு 22 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கி வெறுங்கையோடு திரும்பினார்கள்.

உங்கள் டெக்ஸாஸ் இன்னும் நல்ல பாடம். 2016-ல் 155 டெலிகேட்; அதில் 108, 36 தொகுதிகளில் தலா 3. ஒரு தொகுதியில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதலிடம் பெறுபவருக்கு 2, இரண்டாமவருக்கு 1. மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை. மாநிலம் தழுவிய 47-க்கோ 20 சதவீத வாசல்; அதைத் தொடாதவருக்குப் பங்கு இல்லை. ரூபியோ ஏறக்குறைய 18 சதவீதம் வாங்கி, தொகுதிகளில் கிடைத்த 3 டெலிகேட்டோடு நின்றார். அந்த 18 சதவீதமும் கிட்டத்தட்ட வீண்.

சரி, அந்த ஓட்டெல்லாம் க்ரூஸுக்குப் போயிருக்குமா? கேசிக்கின் ஓட்டர் க்ரூஸின் ஓட்டர் இல்லை. இரண்டாவது விருப்பம் யார் என்று கேட்ட கணிப்பைப் பார்க்காமல் கூட்டினால் தப்பான விடைதான் வரும். நம் வலதுசாரிகளுக்கு இந்த வியாதி பழையது. 2008 சவுத் கரோலினாவில் மெக்கெய்ன் 33, ஹக்கபி 30, தாம்ஸன் 16. தோற்ற பிறகு மூன்றாம் நாள் தாம்ஸன் விலகினார், யாருக்கு லாபம்? 2016 ஏப்ரல் கடைசியில் க்ரூஸும் கேசிக்கும் மாநிலங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மறுநாளே கேசிக், இண்டியானாவில் தன் ஆட்கள் தனக்கே போடவேண்டும் என்றார்! அங்கே ட்ரம்ப் 53 சதவீதம், 57 டெலிகேட்டும் அவருக்கே. விலகுவதென்றால், பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போட்ட மார்ச் 1-க்கு முன்னால் விலகியிருக்கவேண்டும். அதற்குப் பிறகு விலகுவது அறிக்கைக்குத்தான் உதவும்.

கே: சூப்பர் பேக் பணம் அதிகம் உள்ளவரைத்தானே முதலில் வைக்கவேண்டும்? (சிகாகோ)

2016 பந்தயத்தில் ஜெப் புஷ்ஷை ஆதரித்த சூப்பர் பேக் (வேட்பாளரின் குழுவுக்கு வெளியே நின்று அளவில்லாமல் பணம் திரட்டும் அமைப்பு) திரட்டியது 10 கோடி டாலருக்கு மேல். அவருக்குக் கிடைத்தது 4 டெலிகேட். சூப்பர் பேக் பணத்தில் பிரசாரக் குழுவுக்குச் சம்பளம் தரமுடியாது. ரிக் பெர்ரி 2015 செப்டம்பரில் விலகியதும் அதனால்தான்: வெளியே கோடிகள், உள்ளே சம்பளப் பாக்கி. டிவி விளம்பரத்திலும் வேட்பாளருக்குத்தான் சட்டப்படி மலிவு விலை. சூப்பர் பேக்குக்குச் சந்தை விலை. காலாண்டுக் கணக்கில் இரண்டு எண் போதும்: கையிருப்பு எவ்வளவு, சின்ன நன்கொடை எத்தனை பங்கு. 2016-ல் தனிநபர் உச்சவரம்பு 2,700 டாலர். அதை ஒரே மூச்சில் கொடுத்தவரிடம் மறுபடி கேட்கமுடியாது.

கே: நியூஹாம்ப்ஷயர் கணிப்பு ஏன் அடிக்கடி தவறுகிறது? (நாஷுவா)

கட்சி சாராதவர்கள் எந்தப் பக்கத்து பிரைமரியிலும் ஓட்டுப் போடலாம். அந்தப் பக்கம் சுவாரசியம் இல்லையென்றால் இந்தப் பக்கம் வருவார்கள். வலதுசாரி வேட்பாளருக்கு அது நல்ல சகுனம் இல்லை.

கே: பெரிய தலைவர் ஒருவர் ஓட்டுச்சீட்டில் இடம்பெறாமல் போக வாய்ப்பு உண்டா? (ஃபேர்ஃபாக்ஸ்)

உங்கள் வர்ஜீனியாவிலேயே நடந்தது. 2012-க்கு 10,000 கையெழுத்து, தொகுதிக்குக் குறைந்தது 400. கிங்ரிச், பெர்ரி இருவரும் தேறவில்லை; ராம்னியும் ரான் பாலும்தான் சீட்டில் இருந்தார்கள். செல்லாத கையெழுத்து எப்போதும் இருக்கும். கணிசமாகக் கூடுதலாக வாங்காத குழுவை நம்பாதீர்கள்.

கே: என் ஆள் 12 சதவீதத்தில் இருக்கிறார். அவருக்கே போடவா, வீணாகுமா?

எந்த மாநிலம் என்று எழுதவில்லை. 20 சதவீத வாசல் உள்ள இடமென்றால் வீண். வாசலே இல்லாத நார்த் கரோலினாவில் 2016-ல் கேசிக் ஏறக்குறைய 13 சதவீதம் வாங்கி 72-ல் 9 எடுத்தார். அதுவும் அந்த வருட விதி. ஒவ்வொரு தேர்தலுக்கும் மாநிலக் கட்சி மாற்றிக்கொண்டே இருக்கும். மாநிலத்தின் பெயரோடு மறுபடி எழுதுங்கள்.