மாதம் இரண்டு படத்துக்கு மூன்று சந்தாவா?

கேள்வி: வீட்டில் நான், மனைவி, வயதான அம்மா. மூன்று ஓடிடி சந்தா கட்டுகிறோம். மாதத்தில் பார்ப்பது இரண்டு, மூன்று படம்தான். வாடகைக்கு எடுத்துப் பார்த்தால் லாபமா? டிவி 32 இன்ச்.
- தென்காசி வாசகர்

நீங்கள் பார்க்கும் அளவுக்கு ஒரு சந்தா தாராளம். ஒவ்வொரு புதுப் படமும் ஒவ்வொரு தளத்துக்குப் போவதால் எல்லாவற்றையும் கட்டி வைக்கத் தோன்றும். ஆனால் ஓடிடிக்கு வந்த படம் பெரும்பாலும் ஒரு வாரத்தில் காணாமல் போவதில்லை. பார்க்க வேண்டியதைக் குறித்து வையுங்கள். இந்த மாதம் ஒரு தளம், அடுத்த மாதம் இன்னொன்று என்று மாற்றிக் கட்டுங்கள். ஆட்டோபேயை மட்டும் மறக்காமல் ரத்து செய்துவிடுங்கள். ஜிபே, போன்பே செயலிகளில் ஆட்டோபே பகுதியைத் திறந்தாலே எதெதற்குப் பணம் போகிறது என்று தெரியும்.

வாடகைக்கு யூடியூப் இருக்கிறது, பிரைம் வீடியோவும் இருக்கிறது. பிரைமில் சந்தா கட்டியவர்களும் வாடகைப் படத்துக்குத் தனியாகப் பணம் தர வேண்டும். சந்தா இல்லாதவர்களும் எடுக்கலாம். பணம் கட்டிய 30 நாளுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டால் பொதுவாக 48 மணி நேரம்தான். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை மாலை, படம் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் பிளேயை அழுத்திவிட்டு நிறுத்தினேன். ஞாயிறன்று வீட்டில் விருந்தாளிகள். திங்கள் இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால், அந்தப் படத்தின் கீழே மறுபடியும் வாடகைத் தொகை நின்றது. அம்மா பாதியில் தூங்கி, மீதியை அடுத்த வாரம் பார்ப்பவர் என்றால் அவருக்கு வாடகை ஒத்துவராது, சந்தாதான் சரி. ஒரே மூச்சில் பார்த்து முடிக்கும் படத்துக்கு வாடகை நல்ல வழி.

32 இன்ச் டிவிகளில் பல 'ஹெச்டி ரெடி' வகை, அதாவது 1366×768 பிக்சல். உங்களுடையதும் அதுவானால் 4கே எனும் மிகத் துல்லியமான படம் அதில் தெரியாது, அந்தத் திட்டத்துக்குக் கொடுக்கும் பணம் வீண். நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் விலை குறைத்தபோது மொபைல் திட்டம் 149 ரூபாய், பேசிக் 199 ரூபாய் ஆனது. அந்த 50 ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், மொபைல் திட்டம் டிவியில் வராது. கட்டுமுன் இன்றைய விலையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீட்டில் பிராட்பேண்ட் இல்லாமல் போன் ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பவர் என்றால் இன்னொரு செலவும் உண்டு. ஹெச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். தினம் 2 ஜிபி பேக் இடைவேளைக்கு முன்பே தீர்ந்துவிடும். அப்படியானால் செயலியின் அமைப்பில் தரத்தைக் குறைத்து வையுங்கள். வாடகைக்கும் எஸ்டி எனும் சாதாரணத் தரம் போதும், பல படங்களுக்கு அது விலையும் குறைவு.