குழாய் பழுதுபார்த்த கூலியைக் கொடுத்தோமா, இல்லையா?

கேள்வி: ஜெருசலேமில் ஒரு யூதப் பெரியவரைப் பராமரிக்கிறேன். இரண்டு மாதம் முன்பு குழாயைச் சரிசெய்த பிளம்பருக்கு 280 ஷேக்கல் கொடுத்தாரா என்று அவருக்கு ஞாபகமில்லை. பிளம்பரும் கேட்கவில்லை. மூடிப்போன முடிதிருத்தும் கடையிலும் பாக்கி இருக்குமோ என்கிறார். ராத்திரியெல்லாம் இதே புலம்பல். அவர்கள் சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: சந்தேகம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா (பாவா கம்மா என்ற பகுதி, 10:7) சொல்வது: கடன் வாங்கியது நிச்சயம், திருப்பினோமா என்பதுதான் தெரியாது என்றால் கட்ட வேண்டும். வாங்கினோமா என்பதே தெரியாவிட்டால் கட்ட வேண்டியதில்லை. பிளம்பர் முதல் வகை. வேலை செய்தது உறுதி.

உடனே போனை எடுக்காதீர்கள். வங்கிக் கணக்கு, பணம் அனுப்பும் பிட் செயலி, செக் அடிக்கட்டை, மேசை டிராயரில் கிடக்கும் ரசீதுகள் எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். "கொடுத்துட்டோம்ல?" என்று கேட்டால் சங்கடத்தில் ஆமாம் என்றுவிடுவார். "கணக்கைப் பார்த்துச் சொல்லுங்க, 280 வந்திருக்கா?" என்று கேளுங்கள்.

வரவில்லை என்று அவர் உறுதியாகச் சொன்னால் முழுத் தொகையையும் அன்றே கொடுத்துவிட வேண்டும். கூலியை இரவு தாண்டி வைத்திருப்பது யூத வேதமான தோராவில் தடை (லேவியர் 19:13). ஆனால் வேலை செய்தவர் கேட்ட பிறகுதான் அந்தக் குற்றம் சேரும். இவர் இதுவரை கேட்கவில்லையே! பெரியவரிடம் இதை இன்றே சொல்லிவிடுங்கள், பாதித் தூக்கம் திரும்பிவிடும்.

பிளம்பருக்கும் நினைவில்லை என்றால் ரபிகளின் (யூத மதகுருக்களின்) நீதிமன்றம் வற்புறுத்தாது. ஒரு தொகை பேசி முடிக்கலாம். அல்லது "நான் விட்டுக்கொடுத்துட்டேன்" என்று அவர் வாயால் சொன்னாலே கடன் தீரும். இதற்கு மெகிலா என்று பெயர், எழுத்து தேவையில்லை.

முடிதிருத்தும் கடை வேறு கதை. அங்கே கடன் இருந்ததா என்பதே சந்தேகம், கேட்பவரும் இல்லை. ஒன்றும் கொடுக்க வேண்டாம். யாராவது வந்து உறுதியாகக் கேட்டால்கூடச் சட்டப்படி விலக்குதான். கடவுள் முன் சுத்தமாக இருக்க விரும்பினால் கொடுக்கலாம் என்கிறது மிஷ்னாவை விளக்கும் தல்மூத்.

பாக்கி நிச்சயம் என்று பின்னால் நினைவு வந்தால் கடைக்காரரையோ வாரிசுகளையோ தேட வேண்டும். அக்கம்பக்கக் கடைகளில் விசாரியுங்கள். கிடைக்கும்வரை தொகையை எழுதி வையுங்கள். கிணறு, குளம் போன்ற பொது உபயோகத்துக்குச் செலவிடும் வழியும் தல்மூதில் உண்டு. ஆனால் அது, யாரிடம் அநியாயமாக எடுத்தோம் என்றே தெரியாதவர்களுக்குச் சொன்னது. இழந்தவரும் ஒருநாள் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமே என்பதுதான் அதன் காரணம்.