பாம்பு விரட்டும் கருவி: வாங்கியாயிற்று, இனி என்ன செய்வது?

கேள்வி: நண்பர்களோடு காளிகேசம் பக்கம் மலையேறி, ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கலாம் என்றிருக்கிறோம். பாம்பை விரட்டும் அல்ட்ராசோனிக் கருவி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். கடித்த இடத்திலிருந்து விஷத்தை உறிஞ்சும் பம்ப்பும் விற்கிறார்கள். அதையும் வாங்கட்டுமா?
- வாசகர், குலசேகரம்

பதில்: வேண்டாம். முதலில் வாங்கியதையும் திருப்பி அனுப்பப் பாருங்கள்.

பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தாழ்ந்த ஒலியும் தரையின் அதிர்வும்தான் அதற்கு எட்டும். அல்ட்ராசோனிக் என்பதோ 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி. பாம்பு காதிலேயே வாங்காத சத்தத்துக்கு நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள். தரையை அதிரவைக்கும் கருவி என்று விற்பதும் உண்டு. அதிர்வு தெரியும், சரி. ஆனால் கண்ணாடி விரியன் பல நேரம் விலகாமல் கிடந்த இடத்திலேயே சீறிக்கொண்டிருக்கும்.

பம்ப் இன்னும் மோசம். உள்ளே இறங்கிய விஷத்தை அது வெளியே எடுக்காது, நேரத்தைத்தான் தின்னும். கடிபட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். விஷமுறிவு மருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் கிடைக்கும்.

அந்தக் காசுக்கு என்ன வாங்கலாம்? உங்கள் ஊர்ப் பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களைப் பாருங்கள்: நெற்றியில் லைட், காலில் கம்பூட். இரண்டும் உங்களுக்கும் போதும். கூடாரம் வாங்கினால் அடித்தளம் சுவரோடு சேர்த்துத் தைத்ததா, ஜிப் தரைவரை முழுசாக மூடுகிறதா என்று கடையிலேயே விரித்துப் பாருங்கள். கட்டுவிரியன் ராத்திரி இரை தேடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலிகூட அவ்வளவாகத் தெரியாது. ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு, முழங்கால்வரை வரும் அட்டை சாக்ஸ் நல்லது.

அப்புறம், கூடாரம் எங்கே போடப் போகிறீர்கள்? அது யானையும் காட்டெருமையும் நடமாடும் காடு. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே தங்கக் கூடாது. 2018 குரங்கணித் தீக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் காளிகேசம்–பாலமோர் பாதை இருக்கிறது, வழிகாட்டியோடு போய்வாருங்கள். ராத்திரி தங்கத்தான் வேண்டுமென்றால் காட்டை ஒட்டாத, தெரிந்தவர் தோட்டத்தைக் கேளுங்கள். சமைத்த மிச்சத்தைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள்.

இனி பணம். பெட்டியைப் பிரித்தாயிற்று, எடுக்க மாட்டோம் என்பார்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திருப்பி எடுக்க மறுக்க முடியாது என்கின்றன 2020-ன் மின்வணிக விதிகள். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். புகார் எழுதுமுன் விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போனதும் வாசகத்தை மாற்றிவிடுகிறார்கள்.